ஈரக் கை

பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஒரு படிவம் கொடுப்பார்கள். அப்பாவின் தொழில், அம்மாவின் தொழில் என்று இரண்டு கட்டங்கள். முதலாவதில் 'குமாஸ்தா' என்று எழுதிவிட்டு, "உனக்கு என்னம்மா போடறது?" என்பேன். "நான் சும்மாதானே இருக்கேன்... ஒரு கோடு போட்டுடு" என்பாள் அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி.

மியர்லி லேடர்மன் யூகிலிஸ் பற்றிப் படித்தபோது அந்தக் கோடு ஞாபகம் வந்தது.

யூகிலிஸ் அமெரிக்கக் கலைஞர். 1968-ல் அவருக்குக் குழந்தை பிறந்தது. அப்புறம் என்ன... துணி அலசுவது, புட்டி கழுவுவது, மறுபடி துணி அலசுவது. கலைக்கு ஏது நேரம்? கோபம் வந்து 1969-ல் ஓர் அறிக்கை எழுதினார். புதிதாக ஒன்றைப் படைப்பவனுக்குக் கைதட்டல். அது அழுக்காகாமல், அழியாமல் தினம் தினம் பார்த்துக்கொள்பவளுக்கு? சரி, இனிமேல் நான் செய்யும் வீட்டு வேலையே என் கலை என்று அறிவித்துவிட்டார். பெயர், பராமரிப்புக் கலை.

அது, படம் மாட்டுவதை விட்டுவிட்டு, 'எது கலை என்று முடிவு செய்ய மியூசியம் யார்?' என்று கலைஞர்கள் சண்டைக்கு நின்ற காலம். யூகிலிஸ் சண்டை போடவில்லை. துடைத்தார்.

1973-ல், ஹார்ட்ஃபோர்டு நகரத்து வாட்ஸ்வொர்த் ஏதீனியம் மியூசியத்தில், வெளியே வாசல் படிகளை நாலு மணி நேரம், உள்ளே தரையை நாலு மணி நேரம் மண்டி போட்டுத் தேய்த்துக் கழுவினார். குழந்தைக்குக் கட்டும் துணிதான் துடைக்கும் துணி. பார்வையாளர்கள் நடந்து போவார்கள். கால் தடம் விழும். மறுபடி துடைப்பார்.

இன்னொரு வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எகிப்திய மம்மி. துப்புரவுத் தொழிலாளி வழக்கம்போல் பெட்டியைத் துடைத்தார். அது வேலை. அடுத்து யூகிலிஸ் அதே பெட்டியைத் துடைத்து, 'பராமரிப்புக் கலை' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார். அது கலை! கலைப்பொருளைத் தொழிலாளி தொடலாமோ? கூடாது. அடுத்த தடவை துடைக்க, அதற்கென்று படித்த நிபுணர் வரவேண்டியதாயிற்று.

அதே கண்ணாடி, அதே தூசி. கை மட்டும்தான் வேறு. முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

'ஸ்டாம்ப் அந்த அம்மாவிடம் இருந்தது, தொழிலாளியிடம் இல்லையே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. 1977-ல் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையில் சம்பளமில்லாத கலைஞராகச் சேர்ந்தார். 1979-80-ல் சுமார் 8,500 தொழிலாளர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே தேடிப் போய், ஒவ்வொருவர் கையையும் குலுக்கி, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக நன்றி சொன்னார். குப்பை அள்ளுகிற கையைப் பிடித்து யார் நன்றி சொல்லியிருக்கிறோம்?

அம்மாவுக்கு போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். மம்மி, ஸ்டாம்ப், நிபுணர் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எட்டு மணி நேரம் மண்டி போட்டுத் துடைச்சாளா? பாவம்டா... முட்டி என்னமா வலிச்சிருக்கும்!"