சன்னது பறிபோன வக்கீல்

ஆண்டிமடம் பெட்டிக்கடையில் வாழைத்தாருக்கும் பாக்குச் சரத்துக்கும் நடுவே ராணி காமிக்ஸ் தொங்கும். 1984 ஜூலையில் ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் ஒரே மாதத்தில் பிறந்தன. அதற்கு முன்பே, 1972 முதல், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்துகொண்டிருந்தது. நான் சரளமாகப் படிக்கத் தொடங்கிய நாட்களில் இந்த மூன்றும் வரதராஜன்பேட்டைத் தெருக்களில் அட்டை கிழியக் கிழியக் கைமாறின. அப்போது எங்கள் ஊர் திருச்சி மாவட்டம். சித்திரை வெயிலில் முந்திரித் தோப்புகளில் குத்தகைக்காரர்கள் பொறுக்கி முடித்த பிறகு, சருகுக்கடியில் தப்பிக் கிடக்கும் கொட்டைகளைப் பிள்ளைகள் தேடி எடுக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அந்தக் கொட்டையைக் கடையில் போட்டால் கிடைக்கிற காசுதான் எங்கள் காமிக்ஸ் காசு. முந்திரிப்பழக் கறை படியாத சட்டை அந்த வயதில் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

இரும்புக்கை மாயாவியின் உலோகக் கையில் மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் அந்தரத்தில் நகரும். காட்டில் முகமூடி போட்ட வேதாளர், நகரத்துக்குள் வரும்போது கோட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொள்வார். எல்லாரையும் உயிருக்கு உயிராகப் படித்தோம். ஆனாலும் எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. இவர்கள் நம்மைப்போல் காலையில் எழுந்து ஒரு வேலைக்குப் போவார்களா? சாயங்காலம் களைத்து வீடு திரும்புவார்களா?

அதற்கான பதிலை மெட்ராஸில் அச்சகத்தில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தார். பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் காமிக்ஸ் அது. அட்டை இல்லை. முதல் பக்கத்தின் மூலை எண்ணெயில் ஊறியிருந்தது. "இதுல வர்றவன் வக்கீல்டா மாப்ள. ரெண்டு கண்ணும் தெரியாது. ராத்திரியில செவப்புச் சட்டை போட்டுக்கிட்டு மாடி விட்டு மாடி தாண்டுவான்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

டேர்டெவில். 1964-இல் ஸ்டான் லீயும் ஓவியர் பில் எவரெட்டும் உருவாக்கிய நாயகன். அப்பா ஜாக் மர்டாக் குத்துச்சண்டைக்காரர். மகன் மேட் கையை நீட்டக் கூடாது, படிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டவர். லாரிக்கு முன்னால் நின்ற பெரியவரைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றப்போன சிறுவன் மேட்டின் முகத்தில் கதிரியக்கப் பொருள் பட்டுக் கண் போகிறது. மற்றப் புலன்கள் நெருப்பாகக் கூர்மையடைகின்றன. காசு வாங்கிக்கொண்டு தோற்க மறுத்ததற்காக அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். மகன் சட்டம் படித்து வக்கீலாகிறான். சத்தியம் கொடுத்தது மேட்; ஆகவே அடிப்பவன் மேட்டாக இருக்கக் கூடாது, அதற்கு வேறு பெயரும் வேறு உடுப்பும் வேண்டும். இரட்டை வாழ்க்கைக்கு இவ்வளவு கண்ணியமான காரணத்தை வேறு எந்த முகமூடிக் கதையிலும் நான் படித்ததில்லை.

என் கையில் கிடைத்த இதழ் 1986-இல் வந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பிராங்க் மில்லர் எழுதி டேவிட் மசுக்கெல்லி வரைந்த 'பார்ன் அகெய்ன்' என்ற ஏழு இதழ்த் தொடரின் முதல் பகுதி. அக்கா லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகச் சொல்ல, நான் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். பழைய காதலி போதை ஊசிக்காக அவன் ரகசியத்தை விற்றுவிடுகிறாள். அது கிங்பின் என்கிற தாதாவின் கைக்குப் போகிறது. அவன் அடியாளை ஏவவில்லை. பாங்க்கில் இருந்த பணத்தை வரி இலாகா முடக்குகிறது. மர்டாக் பணம் கொடுத்துப் பொய்சாட்சி தயார் செய்தார் என்று நேர்மையான போலீஸ் அதிகாரி ஒருவரே கோர்ட்டில் சொல்கிறார். அவர் மகனின் வைத்தியச் செலவு தாதாவின் கையில் இருக்கிறது. கூட்டாளி ஃபாகி நெல்சன் போராடி ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்றிவிடுகிறார். வாதாடும் உரிமையான சன்னது மட்டும் போய்விடுகிறது.

"சன்னதைப் புடுங்கிட்டாங்களா?" என்று திண்ணையிலிருந்து குரல் வந்தது. தாத்தா. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது.

தாத்தாவுக்கு ஜெயங்கொண்டம் கோர்ட்டில் வரப்பு வழக்கு இருந்தது. எல்லையில் நின்ற நாலு முந்திரி மரம் யார் நட்டது என்பதுதான் பிரச்சினை. கண்புரை முற்றி அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்ததால் துணைக்கு நான் போவேன். கோர்ட்டு வளாகத்து மர நிழலில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருப்போம். டவாலி வாசலுக்கு வந்து மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார். உள்ளே போன வேகத்தில் திரும்புவார். மறுபடியும் வாய்தா. எதிர்க்கட்சிக்காரர் கொண்டுவந்த சாட்சி, எங்கள் பெரியப்பா நட்ட கன்றுகளைத் தன் கண் முன்னால் வேறொருவர் நட்டதாகக் கூண்டில் நின்று சொன்ன நாளில் தாத்தா சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. பொய்சாட்சியில் ஒரு மனிதன் விழுவதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து கதை திண்ணைக்கு வந்துவிட்டது. அக்கா சொல்லச் சொல்ல தாத்தா குறுக்கே கேள்வி கேட்பார்.

"கண்ணு தெரியாதவருன்னா பத்திரத்தை யாரு படிச்சுக் காட்டுவா?"

"விரலால தடவியே படிச்சிருவாரு தாத்தா. அச்சு மை காகிதத்துல மேடா நிக்குமாம், அது அவருக்குத் தட்டுப்படும்."

தாத்தா எழுந்துபோய்த் தகரப்பெட்டியைத் திறந்து கிரயப் பத்திரத்தை எடுத்துவந்தார். முத்திரைத்தாளின் தலைப்பில் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுத்தார். அந்த இடத்தில் மை தடித்து நிற்கும். என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டேன். சின்னச் சின்னக் கோடுகள் நகத்தடியில் சொரசொரத்தன. கீழே குமாஸ்தா கையால் எழுதிய பகுதி வழுவழுவென்று இருந்தது. "இது மட்டும் தெரியுது. பேரு தெரியமாட்டேங்குது" என்றார் தாத்தா. சொத்தைக் கொட்டையைக் கைப்பிடியில் குலுக்கிச் சத்தத்தை வைத்தே பிரித்துப்போடுகிற மனிதர் அவர். அந்த வக்கீலை அவர் ஒரு நிமிடம்கூடக் கட்டுக்கதை என்று நினைக்கவில்லை.

அடுத்த தடவை வந்த மாமா, தான் கடையில் நின்றே புரட்டிப் பார்த்த மிச்ச இதழ்களின் கதையைச் சொன்னார். அடிபட்டு, டாக்ஸியோடு ஆற்றில் தள்ளப்பட்டு, எப்படியோ கரையேறும் மர்டாக்கை ஒரு கன்னியாஸ்திரி எடுத்துப்போய்க் காப்பாற்றுகிறார். அவர்தான் பெற்ற தாய். தெருவே கோயில் மணிக்கு எழுந்து பூசைக்குப் போகிற ஊர் எங்களுடையது. முகமூடி வீரர்களில் ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் என்றதும் பாட்டிக்கும் கதையில் பங்கு வந்துவிட்டது. மடத்துச் சிஸ்டர்கள் ஆளைக் காப்பாற்றாமல் விடமாட்டார்கள் என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

ஒரு ராத்திரி, மறுநாள் விசாரணைக்காக ஏதோ ரசீது கொடுக்க வேண்டும் என்று தாத்தாவும் நானும் எங்கள் வக்கீல் வீட்டுக்குப் போனோம். கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. பனியனும் வேட்டியுமாக, மேசை விளக்கடியில் கட்டுக் கட்டாகக் காகிதங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கின் கட்டு நடுவில் கிடந்தது. அன்றைக்குச் சாட்சி சொன்னவரின் வாக்குமூலத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "பெரியவரே, இந்த ஆளு அந்த வருஷம் நெய்வேலியில வேலையில இருந்திருக்காரு. கன்னு நட்டதைப் பாத்திருக்க முடியாது" என்றார். தாத்தா பேசவில்லை, கைகூப்பினார். ஊர் தூங்கியபின் விழித்திருந்த அந்த மனிதரைப் பார்த்தபோது, நான் தேடிய இரட்டை வாழ்க்கை அந்த மேசையில்தான் இருப்பதாக எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. 1990-களில் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக ஜெயங்கொண்டம் சுற்றுப்பட்டு ஊர்களில் நிலம் எடுத்தபோது, இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் கோர்ட்டு ஏறிய குடும்பங்களுக்கும் இப்படி ராத்திரி விழித்துக் கட்டுப் புரட்டிய வக்கீல்கள்தான் துணை.

2005-இல் 'அந்நியன்' வந்தபோது, திருவல்லிக்கேணி வக்கீல் அம்பி ராத்திரியில் வேறொருவராக மாறுவதைத் தமிழ்நாடே பார்த்தது. விக்ரமின் நடிப்பு மலைக்க வைத்தது. ஆனாலும் என் மனம் அந்தப் படத்தோடு ஒட்டவில்லை. அம்பி கோர்ட்டில் தோற்றதும் அந்நியன் கருடபுராணத்தைத் திறக்கிறான். மர்டாக் ராத்திரியில் பிடித்தவனை உயிரோடு விடுகிறார். காலையில் மறுபடியும் அதே கோர்ட்டின் படி ஏறுகிறார். பொய்சாட்சி சொன்ன ஆளை வெட்டிப்போட வேண்டும் என்று தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை. அவன் பொய் கூண்டிலேயே உடைய வேண்டும் என்றுதான் காத்திருந்தார்.

பார்வையற்றவர் வக்கீலாகலாம் என்பதைச் சிறுவனாக நான் சந்தேகமில்லாமல் ஏற்றுக்கொண்டேன். சட்டம் அவ்வளவு சீக்கிரம் ஏற்கவில்லை. பார்வைக்குறைபாடுள்ள தமிழக வக்கீல் சுரேந்திர மோகன் சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்தபோது, குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு அவரைத் தடுத்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்த வரம்பு செல்லும் என்றது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் வேறு தீர்ப்பு தந்தார்கள்: பார்வையின்மையைக் காரணம் காட்டி நீதித்துறைப் பணியை யாருக்கும் மறுக்க முடியாது; அப்படி மறுத்த மத்தியப் பிரதேச விதி செல்லாது. அதே வாரத்தில், அந்தக் காமிக்ஸின் பெயரிலேயே 'டேர்டெவில்: பார்ன் அகெய்ன்' தொலைக்காட்சித் தொடர் வெளியானது. தீர்ப்புச் செய்தியை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். அவர் உடனே, "தாத்தா இருந்திருந்தா பத்திரத்தை எடுத்துக்கிட்டு வந்திருப்பாரு" என்றார்.

அந்த ஏழு இதழ்களையும் ஒன்றாகப் படித்து முடித்தது நடுவயதில்தான். காட்டிக்கொடுத்த பெண்ணை மர்டாக் மன்னித்துச் சேர்த்துக்கொள்கிறார். சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலைக்குப் போகிறார். அடுத்து கதையை எடுத்து எழுதிய ஆன் நொசென்டி, மர்டாக்கை அவர் வாழ்ந்த ஏழைப் பேட்டையிலேயே ஓர் இலவசச் சட்ட உதவி மையத்தில் உட்கார வைத்தார். வாதாட உரிமை இல்லை. ஆனால் வந்து நிற்கிறவர்களுக்கு வழி சொல்கிறார். திண்ணையில் இதைச் சொல்லியிருந்தால் தாத்தா முதலில் கேட்டிருக்கக்கூடியது, சன்னது திரும்பக் கிடைத்ததா என்பதுதான். அந்த ஏழு இதழ்களுக்குள் கிடைக்கவில்லை.