உச்சி வெயிலில் பிளாஷ்

வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் திருவிழாக் காலம். மதியம் பன்னிரண்டு மணிக்கு வெளிவீதி மணலில் கால் வைக்க முடியவில்லை. அந்த வெயிலில் முதியவர் ஒருவர் காவடி எடுத்த பையனை நிறுத்தி, பிளாஷ் அடித்துப் படம் பிடித்தார். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் சிரித்தார்கள்.

"ஐயா, சூரியன் போதாதோ?"

"கூடிப்போச்சு மகன். அதுக்குத்தான் இது."

உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து விழுகிறது. புருவத்துக்குக் கீழே கண்கள் இரண்டும் குழியாகி விடுகின்றன. காவடியின் வளைவு வேறு முகத்தில் நிழல் போடுகிறது. ஆனால் நெற்றித் திருநீறோ கண் கூசும் வெள்ளை. திருநீற்றுக்கு ஒளி அளந்தால் கண் தெரியாது. கண்ணுக்கு அளந்தால் திருநீறும் வானமும் வெளுத்துப் போகும். முன்னாலிருந்து கொஞ்சம் ஒளி கொடுத்து நிழலை மட்டும் தூக்கிவிட்டால் இரண்டும் பிழைக்கும்.

இருட்டில் பிளாஷ் அடிப்பது சுலபம். வெயிலில் அடிக்கத்தான் கணக்கு வேண்டும்.

முன்பு ஸ்டூடியோ நடத்தியவர் அவர். பையில் இரண்டு பிலிம் கமராக்கள்: ஒரு பென்டாக்ஸ் கே1000, ஒரு யாஷிகா-மேட். பென்டாக்ஸில் பிலிமுக்கு முன்னால் இரண்டு துணித் திரைகள் உண்டு. முதல் திரை ஓடித் திறக்கும்; இரண்டாவது பின்னால் ஓடி மூடும். 1/60 செக்கன் வரை ஒரு கணமாவது முழுச் சட்டமும் திறந்திருக்கும். அதற்கு மேல் வேகம் கூட்டினால், முதல் திரை ஓடி முடிவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும்; ஒரு கீற்று இடைவெளிதான் பிலிமைக் கடக்கும். பிளாஷ் வெளிச்சமோ சாதாரணமாக ஆயிரத்தில் ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் கணத்தில் எந்தப் பகுதி திறந்திருக்கிறதோ அதற்கு மட்டுமே அது கிடைக்கும்.

அதற்குச் சாட்சியாக ஒரு பழைய கல்யாணப் படத்தைக் காட்டினார். தவறுதலாக 1/125இல் எடுத்தது. பொம்பிளையின் முகம் பளிச்சென்று இருக்கிறது. மாப்பிள்ளையின் முகம் நிழலிலேயே நிற்கிறது.

அப்படியானால் 1/60இலேயே எடுக்கலாமே என்று கேட்டேன். மணலில் விரலால் எழுதிக் காட்டினார். ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு இந்த வெயிலில் 1/60 என்றால் துவாரம் எஃப் 22. அவருடைய பிளாஷின் வழிகாட்டு எண் 28. இருபத்தெட்டை 22ஆல் வகுத்தால், பிளாஷ் எட்டும் தூரம் 1.3 மீற்றர் கூட வராது. அவ்வளவு கிட்ட நின்றால் காவடி சட்டத்துக்குள் அடங்குமா?

யாஷிகா-மேட்டின் ஷட்டர் லென்சுக்குள்ளேயே இருக்கிறது. மெல்லிய தகடுகள் நடுவிலிருந்து விரிந்து மூடுகின்றன. எந்த வேகத்திலும் ஒரு கணம் முழுதாகத் திறக்கும். 1/500 என்றால் துவாரம் எஃப் 8, பிளாஷ் 3.5 மீற்றர் எட்டும். அவர் ஐந்து மீற்றர் தள்ளி நிற்கிறார். அங்கே பிளாஷின் ஒளி பாதியாகிவிடும். நிழலைத் தூக்க அது போதும்; பிளாஷ் அடித்த தடமே படத்தில் தெரியாது.

பிளாஷ் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்து நெம்புகோலை 'எக்ஸ்' குறியில் வைத்து டேப் ஒட்டியிருக்கிறார். அது 'எம்' குறிக்குப் போனால் பழைய பல்புகளுக்காக ஷட்டர் சற்றுத் தாமதித்துத் திறக்கும். அதற்குள் எலெக்ட்ரானிக் பிளாஷ் மின்னி ஓய்ந்திருக்கும்.

திரை ஷட்டர்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நிக்கான் எஃப்எம்2 1980களில் பிளாஷுடன் 1/250ஐத் தொட்டது. ஒலிம்பஸ் 1986இல் எஃப்280 பிளாஷைக் கொண்டுவந்தது. கீற்று பிலிமைக் கடந்து முடியும்வரை அது விடாமல் துடித்து ஒளி தரும். ஓஎம்-4டிஐ கமராவில் 1/2000 வரை பிடிக்கலாம். ஆனால் பலம் சிதறுவதால் எட்டும் தூரம் குறையும்.

யாஷிகாவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். பதினொன்று முடிந்திருந்தது. அடுத்த காவடி வந்து நின்றபோது ஆற்றுப் பக்கமிருந்து ஒரு மேகம் சூரியனை மூடியது. பெரியவர் வேகத்தை 1/500இலிருந்து 1/125க்கு இறக்கினார். துவாரத்தைத் தொடவில்லை, நின்ற இடத்தையும் மாற்றவில்லை. பிளாஷின் கணக்கு அந்த இரண்டில்தான் இருக்கிறது.

"நிமிர்ந்து பாருங்க தம்பி" என்றார்.