இருத்தலும் இரங்கலும்

வீட்டு வாசலில் ஓடும் சாலை எங்கே போய் முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நாங்களும் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. எங்கள் ஊர் குந்தாரப்பள்ளி. கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர். காஷ்மீரத்துச் சீநகரில் தொடங்கும் 44ஆம் எண் நெடுஞ்சாலை ஏறத்தாழ 3700 கி.மீ. தொலைவைக் கடந்து கன்னியாகுமரியில் கடலைக் கண்டு நிற்கிறது. அச்சாலைதான் எங்கள் ஊரைத் தொட்டுச் செல்கிறது. வடக்கே திரும்பினால் ஓசூரின் ஆலைகள். தெற்கே திரும்பினால் 600 கி.மீ. தொலைவில் கடல். 26 ஆண்டுகளாக நாங்கள் பிழைப்பு நாடி வடக்கே மட்டுமே திரும்பியிருந்தோம்.

எங்களுள் கணவர் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலையொன்றில் உழைத்து அண்மையில் ஓய்வு பெற்றவர். மனைவி மேனிலைப் பள்ளித் தமிழாசிரியை. ஆலையில் மூன்று ஷிப்டுகள். இரவு ஷிப்டு முடிந்து ஒருவர் வீடு திரும்பும் வேளையில் மற்றவர் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார். வீட்டுச் சாவி கைமாறும் அந்தப் பத்து நிமிடமே பல நாள்களில் எங்கள் இல்லறமாக இருந்தது. இது எங்கள் கதை மட்டுமன்று. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே ஆலைப் பேருந்துகளை எதிர்நோக்கி வாழும் எத்தனையோ குடும்பங்களின் கதையும் இதுவே.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஊரில் வாரச்சந்தை கூடும். விடியுமுன்னரே ஆடுகளும் மாடுகளும் வந்து குவியும். அக்காட்சியைக் காணும்போதெல்லாம், 'நம் ஊர் முல்லை நிலம். ஆயர் வாழ்வின் மிச்சம் இன்னும் இங்கே இருக்கிறது' என்று ஆசிரியை கூறுவதுண்டு. குறிஞ்சி, பாலை, முல்லை, நெய்தல், மருதம் ஆகியவற்றுக்கு முறையே புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று உரிப்பொருள் வகுத்தது நம் இலக்கணம். முல்லைக்கு இருத்தல். அதாவது, வருவேன் என்று சொல்லிச் சென்றவன் வருவான் என்ற உறுதியோடு ஆற்றியிருத்தல். எங்கள் வாழ்வும் அதுதான் அன்றோ! ஷிப்டு முடியும் நேரம் தெரியும்; பேருந்து வரும் நேரம் தெரியும்; வாசல் விளக்கை அணையாது வைத்தால் போதும்.

ஒரே ஒரு விடியலில் மட்டும் அந்தக் கணக்குப் பிழைத்தது. கைப்பேசி எங்கள் வீட்டுக்கு வராத காலம். பனிமூட்டத்தில் ஆலைப் பேருந்து வழியில் பழுதாகி நின்றுவிட்டது. மூன்று மணி நேரம் செய்தியில்லை. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றி நாங்கள் பின்னர் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இவரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. முட்டம் பாறைமீது நின்ற அன்றுதான் அது மீண்டும் எங்கள் நினைவுக்கு வந்தது.

ஓய்வு பெற்ற ஆண்டின் ஐப்பசியில் நாங்கள் முதன்முதலாகத் தெற்கே திரும்பினோம். இரவுப் பேருந்தில் கிருஷ்ணகிரியில் ஏறி நாகர்கோவிலில் இறங்கினோம். பருவங்களை ஆறாகப் பகுத்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றனர். முன்னிரவில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தென்னை ஓலைகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பகற்பொழுதுக்கு வாடகைக் கார் ஒன்றை அமர்த்திக்கொண்டு, முதலில் மேற்கே தேங்காப்பட்டணம், பிறகு குளச்சல், மாலையில் முட்டம் என்று வழி வகுத்துக்கொண்டோம்.

தேங்காப்பட்டணத்திற்கு நாங்கள் சென்றது ஓர் எழுத்தாளரை முன்னிட்டு. 1944இல் அவ்வூரில் பிறந்து, வணிகம் செய்து வாழ்ந்துகொண்டே தமிழ்ப் புதினத்திற்குப் புதியதொரு கடற்கரையைத் திறந்துவைத்தவர் தோப்பில் முகமது மீரான். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தது; 'சாய்வு நாற்காலி' 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அவர் 2019இல் மறைந்தார். அவர் எழுத்தின் வழியாகவே கடலோர மக்களின் பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நின்று அலையைப் பார்த்தோம். அலையரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கருங்கற்களைக் கொட்டி எழுப்பும் தடுப்பைத் 'தூண்டில் வளைவு' என்று இம்மாவட்டத்தார் அழைக்கின்றனர். எத்துணை அழகிய பெயர்! கடலைத் தூண்டிலிட்டுப் பிடிக்க முயலும் மனிதனின் துணிவும் பேதைமையும் ஒருங்கே அப்பெயரில் இருக்கின்றன.

நண்பகலில் குளச்சல் சேர்ந்தோம். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை ஒல்லாந்தரை இங்கே வென்றது. அதன் நினைவுத் தூண் இன்றும் நிற்கிறது. அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்ற ஐரோப்பிய வீரர் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவரானார். பிறந்த மண்ணுக்குத் திரும்பாமலே 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். வெற்றியைத் தூணில் பொறித்துவைத்தார்கள். அவர் ஊரில் அவருக்காக யார் எத்தனை நாள் வழிபார்த்திருந்தார்களோ, அதைப் பொறித்துவைக்க எந்தத் தூணும் இல்லை. அதே குளச்சல் கரையில்தான் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஏறி வந்து உயிர்களை வாரிச் சென்றது. போரில் வென்ற கரையும் கடலிடம் தோற்றது.

முட்டத்தை அடைந்தபோது பிற்பகல் சாய்ந்திருந்தது. பாரதிராஜாவின் திரைப்படங்கள் வழியே தமிழகம் அறிந்த ஊர் இது. 1981இல் வெளிவந்த 'அலைகள் ஓய்வதில்லை' இங்கே படமாக்கப்பட்டது. ஆயினும் நேரில் காணும் முட்டம் திரையில் கண்டதைவிடக் கடுமையானது. நெய்தல் என்றால் மணற்பரப்பும் தாழையும் என்றே மாணவர்க்குச் சொல்லிப் பழகியிருந்தோம். இங்கோ செம்மண் மேட்டின் சரிவிலிருந்து கடலுக்குள்ளே வரிசை வரிசையாகக் கரும்பாறைகள்! குறிஞ்சி நிலம் வழிதவறி நெய்தலுக்குள் இறங்கியது போன்ற தோற்றம். மேட்டின்மேல் கலங்கரை விளக்கம். கீழே, பாறை இடுக்குகளில் அலை புகுந்து வெண்ணுரையாய் வெடித்தது.

பாறை எங்களுக்குப் புதிதன்று. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையையும் இராயக்கோட்டையையும் ஏறி இறங்கியவர்கள் நாங்கள். எங்கள் ஊர்ப் பாறை வெயிலில் காய்ந்து கிடக்கும். காலை வைத்தால் பற்றிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தின் துணிவில் கணவர், "இதோ அந்த முனைவரை போய் வருகிறேன், ஐந்து நிமிடம்" என்று சொல்லிக் கீழே இறங்கினார். பாறை வளைவில் உருவம் மறைந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. முன்னைய அலைகளைவிடப் பெரியதோர் அலை எழுந்து, அவர் சென்ற வளைவின்மேல் அறைந்து விழுந்தது. மேலே நின்றவர் கூப்பிட்ட குரல் அலையோசையில் கரைந்து போயிற்று. கைப்பேசியோ காரிலேயே இருந்தது.

அருகே ஒரு மூதாட்டி கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஆசிரியையின் கையைப் பற்றிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. பிடித்த கையை விடவுமில்லை. பிறகு பாறை வளைவின் பின்னிருந்து, இடுப்பளவு நனைந்தபடி, செருப்பொன்றை இழந்து, முழங்கையில் சிராய்ப்புடன் கணவர் ஏறி வந்தார். பாசியில் வழுக்கி விழுந்தவர், அலை வடியும்வரை ஓர் இடுக்கைப் பற்றிக்கொண்டு கிடந்திருக்கிறார். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகியிராது.

மூதாட்டி எங்களைக் கடிந்துகொண்டார். "மக்களே, ஒங்க ஊருப் பாறை நிக்கும். இந்தப் பாறை விழுங்கும். கடலுக்கு முதுகு காட்டக் கூடாது."

"நீங்கள் என்னைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நானும் இறங்கியிருப்பேன், அம்மா" என்றார் ஆசிரியை.

"தெரியும். அதுக்குத்தான் பிடிச்சேன்" என்றார் அவர். பின்னர்க் கூடையைத் தலைக்கு ஏற்றுமுன், கேளாமலே சொன்னார்: "எனக்க எளையவன் ஒகியில போனான். ஒடம்பு வரல்ல. வருவான்னு சொல்லவும் ஆளில்ல. வரமாட்டான்னு சொல்லவும் ஆளில்ல. ஒனக்கு வந்துட்டாரு. கூட்டிட்டுப் போ."

2017 நவம்பர் 30 அன்று ஒகி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்றிருந்த படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. இம்மாவட்டத்து மீனவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. இச்செய்தியை அன்று நாளிதழில் படித்தோம், வருந்தினோம், மடித்து வைத்தோம். படித்தது வேறு, அந்தக் கையின் நடுக்கத்தை உணர்ந்தது வேறு.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள பாறைத் தீவுகளைக் களமாகக் கொண்டு ஜே. எம். சிஞ்ச் எழுதிய நாடகம் ஒன்று 1904இல் அரங்கேறியது. கடலுக்கு மக்களை ஒவ்வொருவராக இழக்கும் தாயின் கதை அது. எங்கோ கரையொதுங்கிய உடலின் காலுறையில் தான் போட்ட தையலை எண்ணிப் பார்த்து, இறந்தவன் தன் அண்ணனே என்று தங்கை அறிகிறாள். கல்லூரியில் ஆங்கிலப் பாடமாகப் படித்தபோது அது அயல்நாட்டுத் துயரமாகவே தோன்றியது. முட்டத்துத் தாய்க்கு எண்ணிப் பார்க்க ஒரு தையல்கூடக் கிடைக்கவில்லை என்பதை எண்ணியபோது, கடல்கள் யாவும் ஒன்றுதான் என்று தெளிந்தோம்.

ஒருவரைப் பற்றி ஏழாண்டுக் காலம் யாதொரு செய்தியும் இல்லையெனில் அவர் உயிரோடு இல்லை எனக் கொள்ளலாம் என்று நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் கணக்கிடுகிறது. சட்டத்திற்கு ஒரு கணக்கு வேண்டும். தாய்க்கு அந்தக் கணக்கு முடிவதில்லை.

முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று எத்தனை வகுப்புகளில் எழுதிப் போட்டிருப்போம்! ஆற்றியிருத்தல் ஒன்று, ஆற்றாது வருந்துதல் மற்றொன்று என்று பொருளும் சொல்லியிருப்போம். இரண்டும் காத்திருத்தல்தான். ஆனால் முல்லையில் காத்திருப்பவருக்கு ஒரு சொல் துணையிருக்கிறது: வருவேன் என்று சென்றவர் தந்த சொல். நெய்தலில் அந்தச் சொல்லைக் கடல் வாங்கிக்கொள்கிறது. 26 ஆண்டுகள் முல்லையில் காத்திருந்த நாங்கள், பனிமூட்ட விடியலில் மூன்று மணி நேரமும் முட்டத்தில் கால் மணி நேரமும் மட்டுமே நெய்தலில் நின்றோம். அவ்வளவையே எங்களால் தாங்க இயலவில்லை. அம்மூதாட்டியோ அந்நிலத்திலேயே குடியிருக்கிறார். குடியிருந்துகொண்டே, யாரென்று அறியாத ஒருத்தியின் கையைப் பற்றிக்கொள்கிறார்.

கதிரவன் கடலில் இறங்கினான். கலங்கரை விளக்கத்தில் ஒளி சுழலத் தொடங்கியது. திரும்பி வரும் படகுகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. வந்து சேர்ந்தவற்றைக் கரையிலிருந்த பெண்கள் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினர். அந்த ஒரு கணப் பார்வையில் என்ன இருக்கிறது என்று காலையில் கேட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திராது.

திரும்பும் பேருந்தில்தான், பேருந்து பழுதான அந்த விடியலைப் பற்றி நாங்கள் முதன்முறையாகப் பேசிக்கொண்டோம். வாசற்படியில் நின்றவர் என்ன எண்ணினார் என்பதை இவர் சொன்னார். பனியில் நெடுஞ்சாலையோரம் நின்றவர் என்ன எண்ணினார் என்பதை அவர் சொன்னார். பேசி முடிக்கையில் பேருந்து திருமங்கலத்தைக் கடந்திருந்தது.

அடுத்த வாரம் பள்ளியில் ஐந்திணைப் பாடம் வந்தது. கரும்பலகையில் 'நெய்தல் – இரங்கல்' என்று எழுதிய ஆசிரியை, பொருள் சொல்லுமுன் முட்டத்து மூதாட்டியின் கையைப் பற்றிச் சொன்னார். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தந்தையர் இரவு ஷிப்டுக்குச் செல்பவர்கள். விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.