கடவுள் கைவிட்ட ஊரா?

ஆங்கிலத்தில் சில சொற்றொடர்கள் உண்டு. காதுக்கு இனிமையாக இருக்கும், பிரயோகிக்கும்போது காலை வாரிவிடும். ஊர்களை வர்ணிக்க உதவும் அத்தகைய தொடர்கள் சிலவற்றை ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். மறுநாள் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் வியாசங்கள் வந்து குவிந்தன.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி 'எ ஸ்டோன்ஸ் த்ரோ' என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். இடைவெளி ஏறத்தாழ 15 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கல்லெறியப் பீமசேனனாலும் ஆகாது! நம்மவர் 'கூப்பிடு தூரம்' என்று எதைச் சொல்வார்களோ, அதற்கே இத்தொடரும் பொருந்தும் என்று விளக்கினோம். பையன் சிரித்துக்கொண்டே திருத்திக்கொண்டான்.

மற்றொருவன் தன் ஊராகிய திருச்சுழியைக் 'காட்-ஃபர்சேக்கன் பிளேஸ்' என்று வர்ணித்திருந்தான். இலக்கணம் சுத்தம். சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதிக் கொடுத்தோம். அதை அவன் எழுந்து வாசித்தபோது, பின் பெஞ்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதற்கு என்ன அர்த்தம், ஸார்?"

"கடவுளால் கைவிடப்பட்ட இடம்" என்றோம்.

"அப்படியானால் திருமேனிநாதர் எங்கே போய்விட்டார், ஸார்?"

வகுப்பு சிரித்தது, நமக்குச் சிரிப்பு வரவில்லை. சுந்தரரின் தேவாரம் பெற்ற ஸ்தலம் அது; 1879-ஆம் ஆண்டில் ரமண மகரிஷி அவதரித்த ஊர். அதைக் கடவுள் கைவிட்டாரென்று எழுதக் கற்பித்து, 'நன்று' என்றும் போட்டிருக்கிறோம்!

ஆங்கிலேயர் அத்தொடரைச் சொல்லும்போது கடவுளை நினைப்பதில்லை. பாழடைந்த, சலிப்பூட்டும் இடம் என்பதே கருத்து. இடத்தின் இயல்பைவிடச் சொல்பவனின் வெறுப்பையே அது அதிகம் காட்டும். பெற்ற ஊரின்மீது அந்த வெறுப்பைப் பையனுக்கு இரவல் கொடுத்தவர் நாமே.

மறுபடியும் கரும்பலகைக்குச் சென்றோம். 'டிரை' வேறு, 'பாரன்' வேறு என்று எழுதினோம். மழை குறைந்தது முன்னது. ஒன்றும் விளையாதது பின்னது. நமது சீமை வறண்டதுதான். குண்டாற்றில் பெரும்பாலும் மணலையே காண்கிறோம். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தைக் கரிசல் மண் தன்னுள் இருத்தி, மழை நின்ற பிறகும் சோளத்தையும் பருத்தியையும் வளர்த்துவிடுகிறது. அதை மலடு என்பது பொய்யல்லவா? கண்மாய்க்கும் 'டாங்க்' என்னும் சொல் நம் நாட்டு ஆங்கிலத்தில் நெடுங்காலமாக வழங்குகிறது. மழையை நம்பிய கண்மாயை 'ரெயின்-ஃபெட் டாங்க்' என்றால் உள்ளபடி சொன்னதாகும்.

பையன் மீண்டும் எழுதி வந்தான். ஊர் வறண்டது, மலடன்று என்று தொடங்கியிருந்தான். ஆங்கிலத்தில் ஒரு பிழை இருந்தது, அதைத் திருத்தினோம். 'நன்று' என்று இம்முறை மனமறிந்து எழுதினோம்.