பெரியப்பாவின் நெஞ்சு வலி

பெரியப்பா வீட்டில் குக்கர் விசில் அடித்தால், அடுப்படியில் நிற்கும் பெரியம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் வாசலில் இருக்கும் பெரியப்பா எழுந்து நின்றுவிடுவார். சின்ன வயதில் எங்களுக்கு இது ஒரு விளையாட்டு. சத்தம் போடாமல் பின்னால் போய் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவோம். அவர் துள்ளி எழுவார், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெரியப்பா நாகப்பட்டினம் பக்கம் மீனவர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் கரையில் உட்கார்ந்து வலை சரிபார்த்துக்கொண்டிருந்தார். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்துபோன நாள் அது. அவர் ஒரு தென்னை மரத்தைப் பிடித்துத் தப்பித்தார். பக்கத்தில் இருந்த பெரியம்மாவின் தம்பி தப்பவில்லை. அன்றைக்கு என் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். நான் பிறக்கவே இல்லை.

அதற்கப்புறம் பெரியப்பா கடலுக்குப் போகவில்லை. மற்றவர்களுக்கு வலை பழுது பார்த்துக் கொடுப்பார். ராத்திரி தூக்கம் கிடையாது. பீடி மேல் பீடி. "நெஞ்சு படபடன்னு வருது" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிடுவார்கள். நாங்களும் "ஒண்ணும் இல்ல" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டோம். போன வருடம் அவருக்கு மாரடைப்பு வந்தது. இரண்டு ஸ்டென்ட். எப்படியோ பிழைத்துவிட்டார்.

இந்த செமஸ்டரில் எனக்கு செமினாருக்குக் கிடைத்த தலைப்பு பி.டி.எஸ்.டி. பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பு. நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது. பட்டியலைப் படிக்கப் படிக்க பெரியப்பாதான் தெரிந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதை முதலில் இதயத்தில்தான் தொடங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-ல் ஒரு கட்டுரை எழுதினார். படபடப்பும் நெஞ்சு வலியும் இருந்த படைவீரர்களைப் பற்றியது. பிறகு இதற்கு 'படைவீரன் இதயம்' என்றே பெயர் வந்தது. வியட்நாம் போர் முடிந்தபின், 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி.யைச் சேர்த்தார்கள். இதயத்து நோயாக இருந்தது மனசு நோயாகிவிட்டது!

சரி, அதிர்ச்சி உண்மையிலேயே இதயத்தைக் கெடுக்குமா? 'அவங்க பரம்பரையே அப்படி, வளர்ப்பு அப்படி' என்று யாரும் சொல்லலாமே? அதற்குத்தான் இரட்டையர்களைத் தேடிப் போனார்கள். எமரி பல்கலைக்கழகத்தின் வயோலா வக்காரினோ குழு, வியட்நாம் போர்க் காலத்தில் ராணுவத்தில் இருந்த 562 இரட்டையர்களை ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டது. ஆரம்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லை. சுமார் 13 வருடம் கழித்துப் பார்த்தால், பி.டி.எஸ்.டி. இருந்தவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதய நோய். இல்லாதவர்களில் 8.9 சதவீதம். ஒரே வீட்டில் பிறந்து, ஒருவருக்குப் பாதிப்பு இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகளிலும் வித்தியாசம் தெரிந்தது. 22.2-க்கு 12.8.

ஏன் இப்படி? ஆபத்து வந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஓடித் தப்பிக்க அது வேண்டும். ஆபத்து போய் இருபது வருடம் ஆனபிறகும் குக்கர் விசிலுக்கெல்லாம் அது ஏறி இறங்கினால் ரத்தக் குழாய் என்னத்துக்கு ஆகும்? கூடவே தூக்கமில்லை, பீடி வேறு. அமெரிக்க நர்சுகள் சுமார் 50,000 பேரை 20 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. அறிகுறிகள் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயம் 60 சதவீதம் கூடுதல். அதில் ஏறக்குறைய பாதிதான் புகை, உடல் பருமன், உடற்பயிற்சி இல்லாமை போன்ற காரணங்களால் வந்தது. மீதிப் பாதி?

பெரியப்பாவின் மாரடைப்புக்கு சுனாமிதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. இந்த எண்கள் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்பவை, ஒரு தனி மனிதரைப் பற்றி அல்ல. பீடியும் இருக்கிறது. ஆனால் "எல்லாம் மனசுதான்" என்று சொன்ன அன்றைக்கே மனசுக்கும் வைத்தியம் பார்த்திருக்கலாம் இல்லையா? இதற்கு சிகிச்சை இருக்கிறது. அந்த நினைவைப் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் கடக்கும் முறைகள் உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

போன லீவில் ஊருக்குப் போனபோது இரட்டையர் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பாதிப்பு இல்லாத அந்தத் தம்பிக்காரன், அண்ணனைப் பாத்துக்கிட்டானா பாப்பா?"

அந்த ஆய்வில் அது இல்லை பெரியப்பா, என்றேன். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அப்பாதான், "அடுத்த செவ்வாய்க்கிழமை அரசு ஆஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பாக்கப் போவோம்ண்ணே, நான் லீவு போட்டுட்டு வரேன்" என்றார். பெரியப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றாராம்.

பெரியம்மாவிடமும் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் அடுப்படியிலிருந்து ஒரு குரல் வருகிறதாம்: "ஏங்க, குக்கர் வெச்சிருக்கேன், விசில் வரும்!"

உங்கள் வீட்டிலும் சத்தத்துக்குத் துள்ளும் ஒருவர் இருக்கலாம். தயவுசெய்து சிரிக்காதீர்கள். என்ன நடந்தது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.