கொல்லைக் கோழிக்கு வைத்தியம்

வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழிகளை வைத்துப் போஷிக்கிறவர்களுக்கு, அவை இடும் முட்டையைப் பற்றியும் பொரிக்கும் குஞ்சுகளைப் பற்றியும் தெரிந்திருக்கும் அளவுக்கு அவற்றின் சரீரத்தைப் பற்றித் தெரிந்திருப்பதில்லை. மாடு ஒரு வேளை தீனி மறுத்தால் வீடே கலங்குகிறது. கோழி ஒன்று மூலையில் குந்திக்கொண்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லி, அந்த நாளை வருவதற்குள் அதைக் குழம்புக்கு அறுத்துவிடுகிறார்கள். பிராணி சிறியது என்பதால் அதன் வேதனையும் சிறியதாகிவிடாது. செங்கற்பட்டுச் சீமையிலும் மாமல்லபுரத்துக் கடற்கரை ஊர்களிலும் நான் கண்டும் கேட்டும் அறிந்த ஒரு நோயையும், அதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சிகிச்சையையும் பற்றி எழுத முற்படுவது இந்த எண்ணத்தினால்தான்.

கோழிக்குப் பல் இல்லை. அது கொத்தி விழுங்கும் தானியம், கழுத்தின் அடியில், மார்பெலும்புக்குச் சற்று மேலே வலப்புறமாக அமைந்திருக்கும் தீனிப்பையில் தங்கி, ஊறி, மென்மையாகி, பிறகு சிறிது சிறிதாக இறங்கி, சுரப்பிகள் நிறைந்த இரைப்பையில் அமிலத்தோடு கலந்து, கடைசியாக அரைவைப்பையை அடைகிறது. அங்கே, கோழி முன்பே விழுங்கி வைத்திருக்கும் பொடிக்கற்கள் பல்லின் காரியத்தைச் செய்கின்றன. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களின் வாசலில், உளிக்கு உதிர்ந்த கருங்கல் சில்லுகளுக்கு நடுவே கோழிகள் நின்று, ஒன்றைத் தள்ளி மற்றொன்றைத் தேர்ந்து நிதானமாகப் பொறுக்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலும் கோழிக்கு வேண்டியதே. ஆனால் அது வயிற்றின் அமிலத்தில் கரைந்து முட்டையோட்டுக்குச் சுண்ணாம்பாகப் போய்விடுகிறது. அரைப்பதற்குக் கரையாத கல்லே வேண்டும். இந்தக் கல் கிடைக்காமல் எந்நேரமும் கூண்டில் அடைபட்டிருக்கும் கோழிக்கு அஜீரணம் எளிதில் வந்துசேர்கிறது.

இன்னும் சில காரணங்கள் இந்தப் பிரதேசத்துக்கே உரியவை. ஏரிப் பாசன ஊர்களில் அறுவடை முடிந்ததும் வைக்கோற்போரைக் கிளறும் கோழி, நெல்லோடு நீண்ட தாளையும் விழுங்கிவிடும். மழைக்குப் பின் செழித்த நீளப் புல்லையும் அவ்வாறே விழுங்கும். கடலோரக் குப்பங்களிலோ, வலை பழுதுபார்க்கும் இடத்தில் அறுந்து கிடக்கும் நைலான் நூல், மீன்வாடை பட்டிருப்பதால் கோழியை இழுக்கிறது. இவை தீனிப்பைக்குள் ஒன்றோடொன்று பின்னிச் சுருண்டு வாயிலை அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட பை தொட்டால் கெட்டியாக இருக்கும். அடைப்பு நீடித்து உள்ளிருப்பது புளித்துப்போனாலோ, பூசணம் பிடித்த தீனியாலும் அழுக்குத் தண்ணீராலும் காண்டிடா என்னும் நொதிப் பூஞ்சை அங்கே பெருகினாலோ, பை நீர் கோத்துத் தளதளவென்று ஆகி, கோழியின் வாயிலிருந்து புளித்த நாற்றம் வீசும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே வைத்தியத்தின் முதற்படி.

அதற்கும் முன்னே, பை நோயுற்றிருக்கிறதா என்று அறியும் வழியை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருந்த ஓர் ஆயா. "ராத்திரி பை ரொம்பிக் கீதேன்னு பயப்படாதே, தம்பி. விடியக்காலம் கூண்டைத் தெறக்கச்சே, தீனி வைக்கறதுக்கு முன்னாடி தொட்டுப் பாரு. பை காலியா கீதுன்னா கோழிக்கு ஒண்ணும் இல்லே" என்பார். அந்தியில் வயிறார உண்டு அடையும் கோழி, இரவு முழுவதும் அதை ஜீரணித்து, வைகறையில் வெறும்பையோடு எழுவதே அதன் சுபாவம். ஆகையால் மாலையில் பருத்திருக்கும் பை ஆரோக்கியத்தின் அடையாளமாகவும், காலையில் அதே பருமனோடு இருக்கும் பை நோயின் அடையாளமாகவும் ஆகிறது. எழுத்தறியாத அந்த ஆயாவின் கை அறிந்த இந்த உண்மையையே கால்நடை மருத்துவர்களும் சொல்லுகிறார்கள்.

கெட்டியான அடைப்பாயின், கோழியைத் தனியே பிரித்து, ஒரு பகலோ ஒரு பகலும் இரவுமோ தீனியை நிறுத்தி, சுத்தமான தண்ணீரை மட்டும் வைக்க வேண்டும். நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ இரண்டு மூன்று மில்லிக்கு மேற்படாமல், அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு துளியையும் அது விழுங்கிய பிறகே அடுத்ததை விட வேண்டும். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால், அவசரப்பட்டு ஊற்றினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். பிறகு கோழியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, விரல்நுனிகளால் பையை மெல்ல மெல்லப் பிசைந்து, உள்ளிருக்கும் உருண்டையை இளக்க வேண்டும். சில நிமிஷங்கள் பிசைவதும், விட்டுவிடுவதும், சில நாழிகை கழித்து மறுபடி பிசைவதுமாக இந்தக் காரியம் நடக்கிறது. கோழியின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு வாந்தியெடுக்கச் செய்யும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கக்கியது மூச்சில் ஏறி அந்தக் கணமே உயிர் போகக்கூடும் என்பதால், அதை அறவே விட்டொழிக்க வேண்டும். பை இளகிக் காலியான பிறகும் உடனே முழுத் தானியம் கூடாது. நொய்யைக் குழையக் காய்ச்சிச் சிறிது தயிர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வைப்பதே உசிதம்.

புளித்த பைக்கு எண்ணெயும் பிசைதலும் உதவா. பூஞ்சையை ஒடுக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்பதும், பூசணம் கண்ட தீனியைக் கொட்டிவிடுவதும் நம் பொறுப்பு.

பிசைந்தும் இளகாத அடைப்பைக் கீறித்தான் எடுக்க வேண்டும். அந்த ஆயா, இறகைப் பிடுங்கிவிட்டுப் புது பிளேடால் சிறிதளவு கீறி, நைலான் நூலும் புல்லும் திரண்ட உருண்டையை வெளியே எடுத்து, உப்புநீரால் கழுவி, பையை முதலிலும் தோலைப் பின்னுமாகத் தனித்தனியே தைத்து, மஞ்சள் பூசி விட்டதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அந்தக் கோழி பிழைத்து அடையும் காத்தது. ஆயினும் வேறு கதி இல்லாத காலத்து உபாயம் அது. மரத்துப்போகச் செய்து வலியில்லாமல் அறுக்கும் வைத்தியர் கிடைக்கும்போது கோழியைத் துடிக்கவிடுவது நியாயமாகாது. மேலும், தீனிப்பை நிற்பது வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். மாரெக் நோயில் நரம்பு தளர்ந்து பை செயலற்றுப்போகும். வெள்ளைக்கழிச்சல் என்று நாம் அழைக்கும் ராணிக்கெட் நோயிலும் பை நீர் கோத்து நிற்கும். கழுத்துத் திருகலோ, வெள்ளையும் பச்சையுமான கழிச்சலோ கண்டால், எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் மருத்துவரைத் தேட வேண்டும். 1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது. 1989-இல் அதையும் சேர்த்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகம் அமைந்தது. அதன் ஆராய்ச்சி நிலையம் ஒன்று செங்கற்பட்டுக்கு அருகில் காட்டுப்பாக்கத்திலேயே இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள நெடுந்தூரம் போக வேண்டியதில்லை.

மதுராந்தகம் பக்கத்தில் இந்தளூர் என்னும் ஊரில், 1,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட நடுகல் ஒன்று உண்டு. அது ஒரு சண்டைச் சேவலுக்கு எடுத்த கல். கீழ்ச்சேரியைச் சேர்ந்த அந்தச் சேவலின் பெயர் பொற்கொற்றி என்பதும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. போரில் பட்ட பறவைக்குப் பெயரிட்டுக் கல் நட்ட நம் முன்னோரின் உள்ளம் பெரியது. சண்டையிடாமல், புகழ் பெறாமல், வருஷக்கணக்காக நமக்கு முட்டை தந்துகொண்டிருக்கும் பெட்டைக்கோழிக்கு யாரும் கல் நடுவதில்லை. அது அதற்கு வேண்டியதுமில்லை. வைகறையில் கூண்டைத் திறக்கும்போது ஒவ்வொன்றின் கழுத்தடியிலும் ஒரு கணம் விரலை வைத்துப் பார்க்கும் சிரத்தையே அதற்கு வேண்டியது. நோயை முதல் நாளிலேயே காட்டிக்கொடுப்பதும், எண்ணெயோடு தீருமா, கத்தி வேண்டுமா என்று சொல்வதும் அந்த விரல்தான். மருந்தை விலைக்கு வாங்கலாம். இந்தச் சிரத்தையை வளர்ப்பவரே தர வேண்டும்.