வரவும் செலவும்: காற்றின் கணக்கு

2016 டிசம்பர் 12, வர்தா புயல் வந்த நாள். படூரில் எங்கள் தெருவில் காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. வடக்கிலிருந்து காற்று பேயாய் அடித்தது. பிற்பகலில் சற்றுத் தணிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வாசலில் நின்று, "தாத்தா, விட்டுடுச்சா?" என்று கேட்டான்.

"விட்டுடுச்சுப்பா. இனிமே பயமில்ல" என்றேன். கோப்புகளில் குறிப்பு எழுதியே காலம் கழித்தவனின் தோரணை அது. அவன் வண்டியை எடுத்து வைக்கப் போனான். கொஞ்ச நேரத்தில் காற்று மேற்கிலிருந்து திரும்பி அடித்தது. வேப்பங்கிளை முறிந்து அவன் தோளில் விழுந்தது. எலும்பு முறிவு. "நீங்க என்னய்யா பண்ணுவீங்க" என்று அவன் அம்மா சொன்னதுதான் என்னை அதிகம் வாட்டியது.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். புயல் என்பது ஒரு சுழல். நம் பக்கத்தில் அது இடப்பக்கமாகச் சுற்றும். மையம் கடலில் இருக்கும்போது கரையில் நமக்கு வடக்குக் காற்று. அது சென்னையைக் கடக்கும்போது, தெற்கே இருக்கும் படூருக்கு மேற்குக் காற்று. உள்ளே போனதும் தெற்குக் காற்று. வடக்குக் காற்று தணிந்தபோது பாதிக் கணக்குதான் முடிந்திருந்தது. நான் ஏட்டையே மூடிவிட்டேன்.

சுழற்சிக்குக் காரணம் படித்தபோது பழைய பெயர் ஒன்று எதிரே வந்தது: கொரியோலிஸ். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது கரும்பலகையில் பார்த்த பெயர். 1835-இல் அவர் எழுதியது நீர்ச்சக்கரம் போன்ற சுழலும் இயந்திரங்களைப் பற்றி. அதுவே பின்னாளில் காற்றுக்கும் பொருந்தியது. பரீட்சைக்குப் படித்து மறந்தது, அறுபது வயதுக்கு மேல் புரிந்தது.

புயலை விடப் பல மடங்கு பெரிய, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள சுழல்களும் அலைகளும் மேல் வானத்தில் உண்டு. அவை செய்யும் வேலை எங்கள் அலுவலகக் கணக்கைப் போன்றது.

பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது. வெப்பமண்டலத்தில், நம் ஆடி மாத மேல்காற்று போன்றவை நீங்கலாக, தரையோரம் பெரும்பாலும் வீசுவது கிழக்கிலிருந்து வரும் காற்று. எதிர்த்திசையில் உரசுவதால் பூமியிடமிருந்து கிழக்கு நோக்கிய உந்தத்தை அது வாங்குகிறது. உந்தம் என்றால் எடையும் வேகமும் சேர்ந்த கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பா இருக்கும் பகுதிகளில் மேற்குக் காற்று வீசி, அந்த உந்தத்தைப் பூமிக்கே திருப்பிக் கொடுக்கிறது. வரவு இங்கே, செலவு அங்கே. நடுவில் யாரும் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால், இரண்டு காற்றும் உரசியே ஓய்ந்துவிடும்.

சேர்ப்பவர் யார்? 1735-இல் ஹாட்லி சொன்னார்: நடுக்கோட்டருகே காற்று சூடாகி மேலெழுந்து துருவப் பக்கம் போகிறது. அது ஏறக்குறைய முப்பது பாகை வரைதான் சுமக்கும். அதற்கு அப்பால் சுமப்பவை பெரிய சுழல்களே என்று 1926-இல் ஜெஃப்ரிஸ் வாதிட்டார். அப்போது மேல்வானக் காற்றை உலகெங்கும் அளக்க வழியில்லை. பின்னால் பலூன்கள் வந்தன. அந்த அளவுகளைக் கூட்டிப் பார்த்து, விக்டர் ஸ்டார் முதலானோர் அது சரியென்று காட்டினார்கள். நம் மீனம்பாக்கத்திலிருந்தும் தினமும் பலூன் பறக்கிறது. ஆடியில் கீழே மேல்காற்று அடிக்கும்போது, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கீழ்க்காற்று ஓடுவதை 1958-இல் எழுதியவர் நம் வானிலைத் துறையின் கோட்டேஸ்வரம்.

சுழல் என்றால் போன காற்று திரும்பி வருமே, கணக்கு நேராகிவிடாதா என்று எனக்கும் சந்தேகம். இல்லை. அந்தச் சுழல்கள் வட்டமாக இல்லாமல், நம் பாதியுலகில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்திருக்கின்றன. அதனால் வடக்கே போகும் காற்று கிழக்கு நோக்கிய வேகத்தை அதிகம் கொண்டுபோகிறது. தெற்கே திரும்பும் காற்று குறைவாகக் கொண்டுவருகிறது. பத்து ரூபாயோடு போய் ஆறு ரூபாயோடு திரும்பினால் நாலு ரூபாய் அங்கே நின்றுவிடும் அல்லவா? அந்த மிச்சம்தான் காற்றோட்டத்தைக் காப்பாற்றுகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலால் ஒரு நாளின் நீளமே ஆண்டுக்குள் ஆயிரத்தில் ஒரு விநாடி அளவுக்குக் கூடிக் குறைகிறது. போனதும் வந்ததும் சமம் என்று பார்வைக்குத் தோன்றுவதை நம்பி ஏட்டை மூடக்கூடாது.

அந்தப் பையன் இப்போது சிறுசேரியில் வேலைக்குப் போகிறான். மழைக்காலத்தில் தோள் வலிக்கும் என்பான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அதே கேள்வி வந்தது: "தாத்தா, விட்டுடுச்சா?"

"எனக்குத் தெரியலப்பா. ரேடியோவுல சொல்ற வரைக்கும் உள்ளேயே இரு" என்றேன்.